பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடற பொம்பளைன்னு பாலக்கோட்டுல நான் பாத்தது அவ ஒருத்தியைத்தான். கூப்பிடறதுன்னா வூட்டுக்குள்ள காதோட காதா இல்ல. வாசல்ல நின்னு, இடுப்புல ஒரு கையை வெச்சிக்கிட்டு, கடைசி எழுத்தை இழுத்து, தக்காளி மண்டி வரைக்கும் கேக்கற மாதிரி. அவரும் எங்க இருந்தாலும் "இதோ வந்துட்டேன்"னு சிரிச்சிக்கிட்டே ஓடி வருவாரு. தெருவுல இருக்கற ஆம்பளைங்க தலையில அடிச்சிக்குவாங்க. பொம்பளைங்க நாங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம். உள்ளுக்குள்ள பொறாமைதான், வேற என்ன.

அந்தப் பேரை நான் இங்க சொல்லப் போறதில்ல. ரொம்பச் சாதாரணமான பேரு. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல நின்னு சத்தமா சொன்னா பத்துப் பேராவது திரும்பிப் பாப்பாங்க. அவ பேரையும் சொல்லப் போறதில்ல. அதுக்குக் காரணம் வேற, கடைசியில சொல்றேன்.

அப்ப எனக்கு முப்பத்தி நாலு வயசு. எண்பதுகளோட நடுவுல. தாலுகா ஆபீசுக்கு எதிர்ல நாலு மெஷினைப் போட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வெச்சிருந்தேன். காலையில பசங்களுக்குச் சொல்லிக்குடுப்பேன், மத்தியானம் வர்றவங்களுக்கு மனு அடிச்சுக் குடுப்பேன். எந்தக் கஷ்டமா இருந்தாலும் கார்பன் வெச்சு மூணு காப்பி அடிச்சா ஒரு வழி பொறக்கும்னு முழுசா நம்பின ஆளு நான். ஊரே என்னை டீச்சர்னு கூப்பிடும். எங்க வூட்டுக்காரரு "இந்தா"ம்பாரு. சரோஜான்னு எனக்கு ஒரு பேரு இருக்கறதே ரேஷன் கார்டைப் பாத்தாத்தான் ஞாபகம் வரும்.

அவ எங்க பக்கத்துப் போர்ஷனுக்குக் குடி வந்த அன்னைக்கே, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து "சரோஜா! சரோஜா!"ன்னு ஒரு சத்தம். எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. என்னைவிட எட்டு வயசு சின்னவ. போயி நின்னு, "என்னம்மா, அக்கான்னு கூப்பிட வராதா?"ன்னேன்.

"உங்க பேரு அக்காங்களா?"ன்னா.

"பேரு சரோஜாதான். ஆனா பெரியவங்களைப் பேர் சொல்லக்கூடாது."

"அப்புறம் எதுக்குங்க பேரு வெச்சாங்க?" அவளே சொன்னா: "உசுரோட இருக்கற வரைக்கும்தானுங்க கூப்பிட முடியும். அதனால இப்பவே கூப்பிட்டுக்கறேனுங்க."

நான் அதைத் திமிருன்னு நெனச்சேன். அடுத்த வாரமே, ஒரு நாள் அவ கூப்பிடலன்னா என்னமோ மாதிரி இருக்குதேன்னு ஆயிடுச்சு.

அவ ஊரு நிக்கோபார்ல கச்சால்னு ஒரு தீவு. மெட்ராஸ்ல கப்பல் ஏறி மூணு நாலு நாள் போனா போர்ட் பிளேர், அங்கிருந்து இன்னொரு கப்பல். எங்க ஆளுங்களுக்கு அது எல்லாமே அந்தமான்தான். "அந்தமான்காரி"ன்னு யாராவது சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்குவா. "அது வேறங்க, நாங்க வேறங்க"ன்னு தமிழ்ல, ஹிந்தியில, அப்புறம் அவ பாஷையிலயும் சொல்லுவா. கண்ணு சின்னது, கன்னம் அகலம், அதனால பாதிப்பேரு அவளை நேபாளத்துப் பொண்ணுன்னே முடிவு பண்ணியிருந்தாங்க. அவ புருஷன் தர்மபுரி பக்கத்துல இண்டூர்க்காரரு. ரோடு போடற காண்ட்ராக்டரோட டிராக்டரை ஓட்ட அந்தத் தீவுக்குப் போனவரு, அங்கயே அவளைக் கட்டிக்கிட்டு, கைக்கொழந்தையோட திரும்பி வந்து சர்க்கரை மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கிட்டிருந்தாரு. தமிழை அவ அங்க ரப்பர்த் தோட்டத்துல வேலை பாத்த சிலோன் தமிழருங்ககிட்டக் கத்துக்கிட்டா. எங்க ஊருல மரியாதை முக்கியம், எல்லாத்துக்கும் 'ங்க' போடணும்னு அவரு சொல்லிக்குடுத்துட்டாராம். அவ எல்லாத்துக்கும்னா எல்லாத்துக்கும் போட்டா. "சரோஜா, மழை வந்தாங்க, துணியை எடுங்க"ம்பா. கோழி முட்டை போட்டாங்க. பால் பொங்கிட்டாங்க. தெருவே அவளைப் பேச வெச்சுக் கேக்கும்.

ராகிக் களின்னா அவளுக்கு உயிரு. அவங்க ஊருல தாழம்பழத்தை அவிச்சு மசிச்சு உருண்டை புடிப்பாங்களாம், கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்குமாம். பன்னி வளக்கணும்னு ஆசைப்பட்டா. வூட்டு ஓனரு அதைக் கேட்டதும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனவருதான், ரெண்டு நாள் எங்க பக்கமே வரல.

ஒரு நாள் சாயங்காலம் கரண்டு போயிடுச்சு. லாந்தரைத் தொடச்சிக்கிட்டே, உங்க பாஷையில வெளக்குக்கு என்ன பேருன்னு சும்மா கேட்டேன். ஒரு வார்த்தை சொன்னா. அப்புறம், "இது புதுசுங்க. பழைய பேரு வேற"ன்னா. பழசு என்னன்னு கேட்டேன். முடியாதுன்னு தலையை ஆட்டிட்டா. வெளக்குன்னு அர்த்தம் வர்ற பேரு அவ சித்திக்கு இருந்ததாம். சித்தி செத்துப் போனாங்க. செத்தவங்க பேரைச் சொல்லக்கூடாது. அதனால வெளக்கையும் அந்தப் பேரால சொல்றதை விட்டுட்டாங்களாம். அதே பேரு இருந்த இன்னொரு பொண்ணுக்கும் வேற பேரு வெச்சாச்சாம்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "இப்படியே ஒவ்வொண்ணா விட்டுட்டா உங்க பாஷை தேஞ்சு போயிடாதாடி?"ன்னேன்.

"தேயாதுங்க. புதுசு வந்துடுவாங்க"ன்னா.

"சொன்னா என்ன ஆயிடும்?"

"போயிட்டிருக்கறவங்க நின்னுடுவாங்க"ன்னு சாதாரணமா சொல்லிட்டு அரிசி களையப் போயிட்டா. நான் அதை அன்னைக்கே எங்க வூட்டுக்காரர்கிட்டச் சொல்லி அவரும் நானும் இன்னொரு தடவை சிரிச்சோம். நெனச்சா இப்ப வெக்கமா இருக்கு.

அவங்க குடி வந்து நாலு வருஷம் கழிச்சு அவ புருஷனுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. பதினோரு நாள். கீழாநெல்லி குடுத்தோம், தர்மபுரிக்குக் கூட்டிட்டுப் போனோம், எல்லாம் பண்ணோம். கண்ணு மஞ்சளா, படுத்த படுக்கையா இருந்தப்பவும் அவ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம். ஒண்ணும் வேண்டாம், சும்மா கூப்பிடறது. அவரும் கண்ணைத் தெறக்காம "ம்"பாரு. பதினோராம் நாள் மத்தியானம் "ம்" வரல. அவ இன்னொரு தரம் கூப்பிட வாயைத் தெறந்தவ, அப்படியே மூடிக்கிட்டா. அந்த வாய் மூடினதை நான் பாத்தேன். அதுக்கப்புறம் அந்தப் பேரு அவ வாயில இல்ல.

இண்டூருக்குக் கொண்டுபோனோம். நானும் கூடவே போனேன். எங்க ஊருல கதை நேர்மாறு இல்லையா. உசுரோட இருக்கறப்ப பேர் சொல்ல மாட்டோம், செத்துட்டா மாரடிச்சு ஆயிரம் தரம் சொல்லுவோம். அவரோட அம்மா மகன் தலைமாட்டுல உக்காந்து, "ஏ கண்ணு, எந்திரிடா, ஆத்தா கூப்பிடறேன்டா"ன்னு பேர் சொல்லிச் சொல்லி அழுதாங்க. கூட இருந்த பொம்பளைங்களும் அதே பேரைச் சொல்லி அழுதாங்க. இவ மூலையில கொழந்தையை மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தவ, திடீர்னு எந்திரிச்சுப் போயி மாமியா வாயைக் கையால பொத்திட்டா.

அய்யோ, அந்த எடம். ரெண்டு பேரு அவ கையைப் புடிச்சு இழுத்தாங்க. ஒருத்தி கன்னத்துல ஒண்ணு வெச்சா. "பெத்தவளை அழ வுடாத சண்டாளி"ன்னு கத்தறாங்க. இவ, "கூப்பிடாதீங்க, கூப்பிடாதீங்க, போகட்டுமுங்க"ன்னு கெஞ்சறா. எனக்கு ஒருத்திக்குத்தான் அது என்னன்னு தெரியும். அந்தக் கூட்டத்துல நின்னு வெளக்கு கதையையா சொல்ல முடியும்?

மூணாம் நாள் பால் ஊத்தப் போனப்ப ஒரு சாக்குல அவரோட சாமானுங்களைக் கட்டி எடுத்துட்டு வந்தா. சாப்பிடற தட்டு, டம்ளர், ரேசர், காக்கிச் சட்டை, டிரான்சிஸ்டர். பொதைச்ச எடத்துல வெச்சு ஒவ்வொண்ணா கல்லால ஒடைச்சா. அவரோட அண்ணன், "ஏய், ஏய், ரேடியோம்மா அது!"ன்னு ஓடி வர்றதுக்குள்ள அதுவும் போச்சு. பாலக்கோட்டுக்குத் திரும்பினதும், கொல்லையில அவரு நட்ட தென்னம்பிள்ளையை அரிவாளால ஒரே வெட்டு. "அடிப்பாவி, தென்னம்பிள்ளையை வெட்டலாமா, புள்ளை மாதிரி இல்லையா!"ன்னு நான் கத்தினேன். "அவரு வெச்சதுங்க. அவரோட போகணுமுங்க"ன்னா. மறுநாள் கொல்லையில பொகை. ஓடிப்போய்ப் பாத்தா அவரோட டிரங்குப் பொட்டியைக் கவுத்து நெருப்பு வெச்சிருக்கா. லைசென்ஸ், போட்டோ எல்லாம் கரி. அவங்க ஊர்த்தலைவரைக் கேப்டன்னு சொல்லுவாங்களாம். இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சுன்னு அந்தக் கேப்டன் கையெழுத்துப் போட்டுக் குடுத்த ஒரே ஒரு காயிதமும் அதுலதான் இருந்துச்சு. அவரோடதுன்னு இருந்ததுல அவ வெச்சிக்கிட்டது பாப்பாவை மட்டும்தான்.

அந்தப் பாப்பாவுக்குத்தான் வந்துச்சு வம்பு.

பாலக்கோட்டுல அவளால இருக்க முடியல. அந்தப் பேரு எங்க பாத்தாலும் இருந்துச்சே! பால்காரரு அதே பேரு. எதிர் வூட்டு அம்மா மகனை அதே பேரு சொல்லித்தான் தெனம் குளிக்கக் கூப்பிடும். ஒவ்வொரு தரமும் இவ பாப்பாவோட காதைப் பொத்துவா. "சரோஜா, இங்க எல்லாரும் அவரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. அவரு எப்படிங்க போவாரு?"ன்னு என்னைக் கேட்டா. ஊருக்குப் போறேன்னு மூட்டையைக் கட்டினா.

அண்ணன்காரரு வந்து நின்னாரு. "நீ எங்க வேணா போ. எங்க தம்பி பொண்ணு இங்கதான் இருக்கணும்"னாரு. அவரும் கெட்டவரு இல்ல, சத்தியமா. தம்பி போயிட்டான், தம்பி மூஞ்சியை உரிச்சு வெச்ச மாதிரி ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு, அதுவும் கடல் தாண்டிப் போயிட்டா இனி எந்தக் காலத்துல பாக்கறதுன்னு அந்த மனுஷனுக்கு. ஆனா போலீஸ்ல போயி, இவ எங்க தம்பி பொண்டாட்டியே இல்ல, கொழந்தையைக் கடத்திட்டுப் போகப் பாக்கறான்னு எழுதிக் குடுத்துட்டாரு. இன்ஸ்பெக்டர் ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு, "தாசில்தார்கிட்ட வாரிசு சர்டிபிகேட் வாங்கிட்டு வாம்மா. நீதான் பொண்டாட்டின்னு அதுல இருந்தா கொழந்தையைக் கூட்டிட்டுத் தாராளமாப் போ. இல்லன்னா கொழந்தை அவங்ககிட்ட"ன்னுட்டாரு.

எனக்கு ஒரே தெம்பு. எதிர் ஆபீஸ், என் மெஷின், மூணு காப்பி. அன்னைக்கே அடிச்சேன். "நான் பாத்துக்கறேன்டி, நீ கவலைப்படாத"ன்னு சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மொத விசாரணையில தாசில்தாரு நல்லாத்தான் கேட்டாரு. "உன் வூட்டுக்காரரு பேரு என்னம்மா?" இவ பேசல. அவரு சிரிச்சாரு. "எங்க வூட்டுலயும் என் பேரைச் சொல்ல மாட்டாங்க. பரவால்ல, நான் சொல்றேன், நீ ஆமான்னு சொல்லு"ன்னு மனுவைப் பாத்து அந்தப் பேரைப் படிச்சாரு. ஒரு தரம். பதில் இல்லன்னதும் இன்னும் சத்தமா ரெண்டாவது தரம். மூணாவது தரம் படிக்கறப்ப இவ பாப்பாவோட ரெண்டு காதையும் பொத்தித் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டா.

"பாத்தீங்களா சார், பேரைக் கேட்டதும் ஓடறா"ன்னாரு அண்ணன்காரரு.

நான் விடல. "சார், அவ தெனம் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவா. தெருவுக்கே தெரியும்"னேன்.

"அப்ப சொன்னவ இப்ப ஏம்மா சொல்லல?"

சொன்னேன். அவங்க ஊரு வழக்கம், செத்தவங்க பேரு, போறவங்க நின்னுடுவாங்க, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது கதை மாதிரி இருந்துச்சு. அவரு பேனாவை மூடி வெச்சிட்டு, "டீச்சரம்மா, எனக்கும் புரியுதுன்னே வெச்சிக்கோங்க. கல்யாணத்துக்குக் காயிதம் இல்ல. போட்டோ இல்ல. நீங்க சாட்சி சொன்னா ஒரே வூட்டுல இருந்தாங்கன்னுதான் எழுத முடியும். பொண்டாட்டின்னு அவதான் சொல்லணும். எம் புருஷன் இன்னாருன்னு அவ வாயால ஒரு வார்த்தை. அது போதும் எனக்கு. அடுத்த வெள்ளிக்கெழமை வாங்க"ன்னாரு. அதுக்கு மேல அவரும் என்ன பண்ணுவாரு.

அந்த ஒரு வாரம் நான் அவளைப் படுத்தினதை நெனச்சா எனக்கே என்னைப் புடிக்கல. காலையில சொன்னேன், மத்தியானம் சொன்னேன், அழுதேன், திட்டினேன். "ஒரே ஒரு தரம்டி. மெதுவா சொல்லு. பாப்பா உன்கிட்ட இருக்க வேண்டாமா?"

"அவரு ரொம்பத் தூரம் போகலைங்க சரோஜா. கூப்பிட்டா கேக்கும். திரும்பிடுவாரு. வந்தா இங்க அவருக்கு என்னங்க இருக்கு? தட்டு இல்ல, பாய் இல்ல, மரம் இல்ல. நானும் இருக்க மாட்டேனுங்க. தனியா நின்னுக்கிட்டே இருப்பாரு."

"செத்தவரு செத்தவருதான். இருக்கற புள்ளையைப் பாரு"ன்னேன். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு அந்த வார்த்தை. அவ என்னையே பாத்தா. கோவம் இல்ல. எனக்குப் புரியாதுன்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு, அவ்வளவுதான்.

வெள்ளிக்கெழமை கூட்டம். வராண்டாவுல பட்டா மாத்த, சிட்டா வாங்க வந்தவங்க பெஞ்சு பூரா உக்காந்திருக்காங்க. உள்ள ஒரு பக்கம் அண்ணன்காரரும் அவங்க அம்மாவும். இந்தப் பக்கம் நான், அவ. பாப்பாவை வெளிய எங்க இன்ஸ்டிட்யூட்லயே விட்டுட்டு வரச் சொன்னது அவதான். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும், சொல்லப் போறான்னு.

தாசில்தாரு, "உன் புருஷன் பேரு?"ன்னாரு.

அவ எந்திரிச்சு நின்னா. இடுப்புல ஒரு கையை வெச்சிக்கிட்டா. கண்ணை மூடினா. நானா இருந்தா முணுமுணுத்திருப்பேன். அவளுக்கு அந்தப் பேரைச் சொல்ல ஒரு வழிதான் தெரியும். எப்பவும் வாசல்ல நின்னு கூப்பிடற மாதிரியே, கடைசி எழுத்தை இழுத்து, அந்த ஆபீஸ் பூரா கேக்கக் கூப்பிட்டா.

கிளார்க்குங்க எல்லாம் எழுதறதை நிறுத்திட்டாங்க. மாமியா விசும்பினாங்க. அப்ப வராண்டாவுல யாரோ தடதடன்னு எந்திரிக்கற சத்தம். வாசப்படியில ஒரு ஆளு வந்து நின்னாரு. அம்பது வயசு இருக்கும். தோள்ல பச்சைத் துண்டு, கையில மஞ்சப் பை. மொகமெல்லாம் ஆசை.

"கூப்பிட்டீங்களாங்க சார்? நான்தாங்க. பட்டாவுக்கு மனு குடுத்திருக்கேனுங்க"ன்னாரு.

யாரோ ஒரு கிளார்க்கு சிரிச்சிட்டான். நான் அவளைப் பாத்தேன். அவ கண்ணைத் தெறந்து அந்த ஆளையே பாத்துக்கிட்டிருந்தா. அவ பாஷையில என்னமோ பேச ஆரம்பிச்சா, ரொம்ப மெதுவா, ரொம்ப நேரம். மன்னிப்புக் கேக்கற மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒரு வார்த்தை புரியல. அப்புறம் தமிழ்ல சொன்னா: "தெரியாம கூப்பிட்டுட்டேனுங்க. நீங்க போங்க. நிக்காதீங்க. திரும்பிப் பாக்காம போயிட்டே இருங்க."

அந்த ஆளுக்கு ஒண்ணும் புரியல. தாசில்தாரு மொகத்தைப் பாத்தாரு, என் மொகத்தைப் பாத்தாரு. மூணு மாசமா நடையா நடந்து பட்டாவுக்குக் காத்திருக்கற மனுஷன் எங்க போவாரு? பழையபடி போயி பெஞ்சுல உக்காந்துக்கிட்டாரு. கதவு வழியா அவரோட பச்சைத் துண்டு தெரிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. "போகலைங்க சரோஜா. அவரு போகலைங்க"ன்னு என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதா. நான்தான் சொல்ல வெச்சேன். அதை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? எந்த மனு அடிக்கறது?

சர்டிபிகேட் வந்துச்சு. மனைவின்னு அவ பேரும் மகள்னு பாப்பா பேரும் என் மெஷின்லயே அடிச்சது. அண்ணன்காரரு மறுபேச்சுப் பேசல. அவங்க அம்மா ஒரு டப்பாவுல அதிரசம் கொண்டுவந்து பாப்பா கையில குடுத்துட்டு, அவ தோளை ஒரு தடவை தொட்டுட்டுப் போயிட்டாங்க.

ஊருக்குக் கெளம்பின அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல ஜன்னலோர சீட்டு புடிச்சுக் குடுத்தேன். அந்த வெள்ளிக்கெழமைக்கப்புறம் அவ என்னைக் கூப்பிடவே இல்ல. ஒரு வாரமா சுவத்துக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்ல. கோவமா இருக்கும், இருக்கட்டும், நியாயம்தான்னு நின்னுக்கிட்டிருந்தேன். பஸ் நகந்துச்சு. அப்ப ஜன்னல்ல பாதி ஒடம்பை வெளிய விட்டுக் கூப்பிட்டா. "சரோஜா! சரோஜா! சரோஜா!" சந்தைநாள் வேற, ஊரே நின்னு பாக்குது. பஸ் வளைவு திரும்பற வரைக்கும் நிறுத்தல. இனி என்னை அவ எந்தக் காலத்துல கூப்பிடப் போறா? எல்லாத்தையும் சேத்துக் கூப்பிட்டுட்டுப் போயிட்டா.

எனக்கும் அவ பேரைச் சொல்லித் திருப்பிக் கூப்பிடணும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. என் ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேரு எதிர்ல டீ குடிச்சிக்கிட்டிருந்தாங்க. டீச்சர் நடுரோட்டுல நின்னு கத்தினா என்ன நெனைப்பாங்க. கையை மட்டும் ஆட்டினேன்.

அவளுக்கு எழுதத் தெரியாது. காயிதம் எதுவும் வரல. வருஷம் ஓடிப்போச்சு. கடல் பொங்கின அன்னைக்கு டிவியில நாகப்பட்டினம் காட்டினான், மெட்ராஸ் காட்டினான். ரெண்டு நாள் கழிச்சு நிக்கோபார்னு சொல்லி, கச்சால் பேரையும் சொன்னான். அந்தத் தீவுல ஏகப்பட்ட பேரைக் காணோம்னான். நான் ஓடிப்போயி பழைய மெஷின் மேல இருந்த தூசியைத் தட்டி, கார்பன் வெச்சு, காணாமல் போனவரைக் கண்டுபிடிச்சுத் தரக்கோரி மனு அடிச்சேன். கலெக்டருக்கு ஒண்ணு, போர்ட் பிளேருக்கு ஒண்ணு. ஐயா, கீழ்க்கண்ட பெயருடைய பெண்மணின்னு அடிச்சிட்டு, பேரு அடிக்க வேண்டிய எடத்துல வெரலை வெச்சேன். வெரல் எறங்கல.

உசுரோட இருந்தா ஊரே கேக்கற மாதிரி கூப்பிடணும். இல்லன்னா வாயே தெறக்கக்கூடாது. அவ சொல்லிக்குடுத்தது அது ஒண்ணுதான். இதுல அவ எந்தப் பக்கம்னு யாரு எனக்குச் சொல்லுவாங்க? அந்த மனு இன்னமும் மெஷின்லயேதான் இருக்கு, பேரு இல்லாம.

அன்னைக்கு அந்த பஸ் திரும்பறதுக்குள்ள ஒரு தரம் நான் கூப்பிட்டிருக்கலாம்.